சேனை வைத்த விரல்

என் அண்ணன் மகள் நிவிதா உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே, பிறக்கப்போகும் குழந்தைக்குச் சேனை வைக்க என்னைக் கூப்பிடக் கூடாது என்று குடும்பத்தில் பேசி முடித்துவிட்டார்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பதைத்தான் எங்கள் பக்கம் சேனை வைப்பது என்போம். யார் வைக்கிறாரோ அவருடைய குணம் அப்படியே குழந்தைக்கு வந்துவிடும் என்பது நம்பிக்கை. என் குணம் மதுரைக்கே தெரியும். கரண்ட் ஆபீசில் நான் சத்தம் போட்டால் எதிர்த்த டீக்கடையில் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஆகவே அவர்கள் பயந்தது நியாயம்தான். இருந்தாலும் எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எதற்குத்தான் கோபம் வரவில்லை?

என்னைக் கேட்டால், இந்தக் காலத்தில் கோபம் வராமல் இருப்பவர்களைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். பந்தியில் உட்கார்ந்தால் இலையின் ஓரத்தில் முன்பெல்லாம் உப்பு வைப்பார்கள். இப்போது ஒரு சிட்டிகை தூள் வைக்கிறார்கள். வெள்ளையாக, லேசாகப் பால்வாடை அடிக்கும் தூள். ஏழாஞ்சுவை கம்பெனியின் தூள். சோற்றில் தூவி, இட்லியில் தூவி, குழந்தையின் பாலில் கலக்கி, ஊரே அதைத் தின்கிறது. தின்னாவிட்டால் இரண்டு நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருள வேண்டும். இதை யாரும் அக்கிரமம் என்று சொல்லவில்லை. தண்ணீர் வரி மாதிரி, வீட்டு வரி மாதிரி பழகிப்போய்விட்டது.

எனக்குத் தூள் வேண்டாம். அது என் சாமர்த்தியம் இல்லை. பிறந்ததிலிருந்தே எனக்குக் கோதுமை ஆகாது. மைதா பட்டாலே உடம்பு வீங்கிவிடும். பரோட்டா, பிஸ்கட், நூடுல்ஸ், கேக் என்று ஊர் தின்றதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். கல்யாண வீடுகளுக்குக் கேழ்வரகுக் களியும் கீரைத்தண்டும் டிபன் கேரியரில் கட்டிக்கொண்டு போவேன். சிரிக்காதவர்கள் கிடையாது. வேலையும் அதற்குத் தோதாகத்தான் அமைந்தது. கால்நடை ஆராய்ச்சிக் கூடத்தில் மாட்டின் வயிற்றுக்குள் இருக்கும் கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி. குடும்பத்தில் எனக்குச் சாணி டாக்டர் என்று பெயர்.

நிவிதா அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்கே என்னைத் தேடி வந்தாள். ஏழு மாத வயிறு. கூடவே அவள் வீட்டுக்காரன் ரோஹித்பாண்டி. நிவிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், எறும்பை மிதித்துவிட்டால் எறும்புக்கு ஸாரி சொல்லுகிற ஜாதி. எனக்கும் அவளுக்கும் ஒரே ரத்தம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"அத்தை, எம் புள்ளைக்கு நீங்கதான் சேனை வைக்கணும்" என்றாள்.

"உங்கம்மா என்னைய ஆஸ்பத்திரி வாசல்லயே நிறுத்திருவா. எங்கொணம் வந்துருமாம்ல."

"எனக்கு உங்க கொணம் வேணாம் அத்தை. உங்க குடல் வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

போன ஐப்பசியில் வெள்ளம் வந்து பாலங்கள் உடைந்தபோது தூள் ஏற்றிய லாரிகள் மதுரைக்குள் வரவில்லை. மூன்றாம் நாள் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் கால் வைக்க இடமில்லை. நிவிதாவுக்கு அப்போது முதல் பிள்ளை, ஐந்து மாதம். வயிற்றுக்குள் இருந்த கம்பெனிக் கிருமி, தூள் கிடைக்காத பசியில் அவள் குடலைத் தின்றது. ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. குழந்தை தங்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். நான் அந்த வார்டில் நின்றுகொண்டு கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் ஏசினேன். நர்ஸ் என்னை வெளியே அனுப்பினாள்.

ரோஹித்பாண்டி தயங்கிக் கேட்டான். "சின்னம்மா, எனக்கு ஒண்ணு புரியல. குடலை எப்படிக் குடுக்க முடியும்?"

"குடலை இல்ல தம்பி. குடலுக்குள்ள குடியிருக்கறதை. நம்ம வயித்துக்குள்ள கோடி கோடியா நல்ல கிருமி இருந்துச்சு. கீரை, பயறு, தவிட்டோட தானியம்னு நாம தின்னா, நமக்குச் செரிக்காத நார் கீழ போகும். அதுதான் அதுங்களுக்குச் சோறு. மைதாவும் சீனியும் மேலயே கரைஞ்சு ரத்தத்துல கலந்துரும். கீழ ஒண்ணும் போகாது. பட்டினி கிடக்குற கிருமி சும்மா இருக்குமா? குடல் சுவத்துல வழவழன்னு ஒரு பூச்சு இருக்கு. அதைத் தின்னுச்சு. தின்னும் பத்தாம பாதி செத்துச்சு. உங்க தாத்தா காலத்துல ஆரம்பிச்சது, உங்கப்பா காலத்துல வயித்துவலி இல்லாத வீடே இல்லேன்னு ஆயிருச்சு."

"அப்பத்தான் காப்பான் வந்துச்சு."

"ஆமா. புண்ணாக்குனவனே மருந்து கொண்டு வந்தான். பாக்கெட் பண்டம் வித்த அதே கம்பெனி, ஒரு கிருமியச் செஞ்சு காப்பான்னு பேரும் வச்சான். குடலைக் காக்கும், பொய்யில்ல. ஆனா அது திங்கறது அவன் தூளை மட்டுந்தான். தூள் இல்லேன்னா உன்னையத் திங்கும்."

நிவிதா வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

"புள்ள வயித்துல இருக்கறவரைக்கும் அதோட குடல் காலி வீடு" என்றேன். "ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, அதனால வர்ற வழியிலயும் உன்னோடது ஒட்டாது. வெளிய வந்ததும் யாரு முதல்ல உள்ள போறாங்களோ அவங்களுக்குத்தான் இடம். பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிப்போம்ல, அது மாதிரி. என்னோடது முதல்ல போய் உக்காந்துட்டா, பின்னாடி உன் பால்ல வர்ற காப்பானும் சரி, ஆஸ்பத்திரில குடுக்குற கம்பெனி சொட்டும் சரி, நின்னு பாத்துட்டு இறங்கிப் போக வேண்டியதுதான்."

"ஆஸ்பத்திரில சேனை வைக்க விடுவாங்களா?" என்றான் ரோஹித்பாண்டி.

"தாராளமா. சேனைக்குப் பின்னாடி ஒரு சொட்டுன்னு அவனே விளம்பரம் பண்றான். சேனை வைக்கிறவன் எச்சில்லயும் விரல்லயும் காப்பான்தான் இருக்கும்னு அவனுக்குத் தெரியாதா? ஊர்ல யாருக்கு இல்ல?"

"உங்களுக்கு இல்ல" என்றாள் நிவிதா.

நான் சம்மதித்தேன். என் வயிற்றிலிருந்து எடுத்த கிருமிகளைக் கழுவி வளர்த்து, கண்டதும் கலக்காமல் சுத்தம் பார்த்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் தெளிந்த நீராக வைத்திருந்தேன். மாட்டுக்குக் கொடுப்பதற்கே ஆயிரம் சோதனை செய்கிறவள் நான். என் பேரப்பிள்ளைக்குச் செய்ய மாட்டேனா? எங்கிருந்து எடுத்தேன் என்று அண்ணனுக்குத் தெரிந்தபோது அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது. "ஏ பேச்சி, சீச்சீ, என்ன இது" என்றார். குடல் அழுகி ஊரே கிடக்கிறது, அது அருவருப்பாக இல்லை. இதுதான் அருவருப்பு.

அண்ணன் தவமணியும் மதினி செல்லக்கிளியும் சேனை வைக்க வேறு ஆளை ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தார்கள். ரோஹித்பாண்டியின் பெரியப்பா சாந்தலிங்கம். ஏழாஞ்சுவை கம்பெனிக்குத் தென்மாவட்டங்களுக்கெல்லாம் பெரிய அதிகாரி. சாந்தமென்றால் அப்படி ஒரு சாந்தம். காலை மிதித்தாலும் "பரவால்லம்மா" என்பார். நெற்றி நிறைய விபூதி. கல்யாணமோ காதுகுத்தோ, எந்த வீட்டுக்குப் போனாலும் விரதம். சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம், எதுவும் இல்லாவிட்டால் ஒரு வேண்டுதல். ஒரு வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு எல்லாரையும் வாழ்த்திவிட்டுப் போவார். வெள்ளத்தின்போது தன் கையிருப்புத் தூளைப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்தவர். நிவிதா கிடந்த ஆஸ்பத்திரிக்கும் வந்தார். ஒரு நாள் தாமதமாகிவிட்டது என்று குலுங்கி அழுதார். அதன் பிறகு அவர் படத்தைப் போட்டு எங்கள் தெருவில் பேனர் வைத்தார்கள்.

"தெய்வம் மாதிரி மனுசன். அவரு கொணம் வரட்டும் புள்ளைக்கு" என்றாள் மதினி.

நான் விடவில்லை. கத்தினேன். நிவிதாவும் மெதுவாக, ஆனால் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் மதினி இறங்கி வந்தாள். "சரி பேச்சி, நீயே வா. ஒங்குப்பியக் கொண்டா" என்றாள். இவ்வளவு சுலபமாக மதினி இறங்கி வரமாட்டாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். சண்டையில் ஜெயித்த சந்தோஷத்தில் தோன்றவில்லை.

ஒரு பகல் வேளையில் குழந்தை பிறந்தது. பெண். ஆபரேஷன் முடிந்து நிவிதாவுக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். ரோஹித்பாண்டி ஆனந்தத்தில் யாருக்கோ போன் செய்துகொண்டு படிக்கட்டில் நின்றான்.

"குப்பிய இங்கிட்டுக் குடு பேச்சி. போயிக் கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா. பச்சைப்புள்ள" என்றாள் மதினி.

நானும் கொடுத்துவிட்டுப் போனேன். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டு, கையை எதிலும் படாமல் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அறையில் சாந்தலிங்கம் குழந்தையை இடது கையில் ஏந்தியபடி நின்றுகொண்டிருந்தார். மதினி வெள்ளிக் கிண்ணத்தைப் பிடித்திருந்தாள். என் குப்பி காலியாக ஜன்னலில் இருந்தது.

அவர் ஆள்காட்டி விரலைக் கிண்ணத்தில் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"சீனி கொஞ்சம் கம்மியா இருக்கும்மா" என்று சிரித்தார். அதே விரலைத் திரும்பவும் தோய்த்துக் குழந்தையின் நாக்கில் தடவினார். குழந்தை சப்புக்கொட்டியது.

நான் போட்ட சத்தத்தில் அடுத்த அறையிலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடிவந்தார்கள். என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. நினைவிலிருப்பதை எழுத முடியாது. சாந்தலிங்கம் குழந்தையை மதினி கையில் கொடுத்துவிட்டு, "தங்கச்சி ஏதோ கோவத்துல இருக்கு. நான் கோயிலுக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்று சிரித்த முகத்தோடு போய்விட்டார்.

"ஏன் மதினி இப்படிச் செஞ்சீங்க?"

"என்னத்தைச் செஞ்சேன்? ஒங்கிருமி தண்ணில இருக்கு. கொணம் விரல்ல இருக்கு. தண்ணி ஒன்னோடது, விரல் அவரோடது. ரெண்டு பக்கமும் நல்லதை மட்டும் புள்ளைக்குக் குடுத்துட்டோம்ல? சீனியும் ஒரு கரண்டி போட்டேன். இதுல என்ன கொறஞ்சு போச்சு?"

"அவரு விரலை நக்கிட்டு வச்சாரு மதினி! எச்சில்ல காப்பான் இருக்கும். எல்லாம் போச்சு!"

"ஒரு சொட்டு எச்சில்ல என்னடி ஆயிரும்?"

அவளுக்கு எப்படிச் சொல்லி விளங்க வைப்பது? இந்தக் காப்பான் ஒன்று உள்ளே நுழைந்தால் போதும், விடிவதற்குள் எல்லா இருக்கையிலும் துண்டு போட்டுவிடும். அப்படிப் பெருகுவதற்காகவே செய்யப்பட்டது. மதினி கெட்டவள் இல்லை. பேத்தியின் மேல் உயிரை வைத்திருப்பவள். அந்த ஆசையில் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டு, பெருமையாக நின்றுகொண்டிருந்தாள். அடிக்கக் கை வந்தது. சோப்பு வாசம் போகாத கையை மடக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மயக்கம் தெளிந்த பிறகு நிவிதாவிடம் நான்தான் சொன்னேன். அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பரவால்ல அத்தை" என்றாள்.

இந்த ஊரில் எனக்குப் பிடிக்காத வார்த்தை அதுதான். அன்றைக்கு அதை அறவே வெறுத்தேன்.

அடுத்த வாரம் குழந்தையின் அழுக்குத் துணியை வாங்கிக்கொண்டு ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனேன். எதற்குப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. செத்தவர்களின் முகத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போவோமே, அப்படித்தான். சோதனை போட்டேன். காப்பான் இல்லை. கருவியில் கோளாறு என்று நினைத்து வேறு கருவியில் போட்டேன். அதிலும் இல்லை. ஒன்றுகூட இல்லை. என் கிருமிகள் இருந்தன. அவற்றை எனக்கு அடையாளம் தெரியும், வளர்த்தவள் நானல்லவா. உட்கார்ந்து ஜம்மென்று குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

நான் அழுதேன். பக்கத்து மேஜைப் பெண் பயந்துபோய் டீ வாங்கிவந்து வைத்தாள். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை, எவனுடைய தூளுக்கும் கையேந்தாமல், எங்கே வேண்டுமானாலும் போய் எதை வேண்டுமானாலும் தின்னலாம். நிவிதாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. டீயைக் கையில் எடுத்தேன். எடுத்தபோதுதான் திரையில் மற்றொன்றையும் கவனித்தேன்.

என் கிருமிகளோடு வேறொரு கூட்டமும் இருந்தது. நல்ல கிருமிகள்தான். விதவிதமாக, கொழுகொழுவென்று. என்னுடையவை இல்லை. நிவிதாவிடம் காப்பானைத் தவிர எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரியில் ஒட்டக்கூடியவையும் இவை இல்லை. ஆயுசு முழுக்க நல்ல தானியமும் கீரையும் பயறும் தின்று, தூளைத் தொட்டே பார்க்காத ஒரு மனிதருடைய வயிற்றில்தான் இப்படி இருக்க முடியும். குழந்தையின் நாக்கில் பட்டது ஒரே ஒரு விரல்.

டீ ஆறிப்போகும்வரை நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் எத்தனையோ தடவை கோபப்பட்டிருக்கிறேன். அதெல்லாம் கோபமே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நிவிதாவிடம் குழந்தை தப்பித்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். எப்படி என்று சொல்லவில்லை. முதலில் அந்த மனிதரின் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது.

அண்ணன் வீட்டில் தொட்டில் போடும் விழா. வாசலில் பந்தல், உள்ளே உறவு ஜனம், கொல்லையில் பெரிய அண்டாக்கள். சேனை வைத்தவருக்குத்தான் முதல் மரியாதை. சாந்தலிங்கத்துக்கு மாலை போட்டு, தொட்டிலில் குழந்தையை இடச்சொல்லி, போட்டோ எடுத்தார்கள். பந்தி போடுவதற்கு முன் அவர் கொல்லைக் குழாயில் கை கழுவ வந்தார். நான் அங்கே காத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, புள்ளைக்குச் சோதனை போட்டுப் பாத்தேன். காப்பான் இல்ல. உங்க விரல் பட்டும் இல்ல."

அவர் குழாயை மூடினார். துண்டில் நிதானமாகக் கையைத் துடைத்தார். அந்தச் சிரிப்பு மட்டும் போகவில்லை.

"அன்னைக்குக் கிண்ணத்துல இருந்தது சீனித்தண்ணி மட்டும் இல்லன்னு நீ கத்துனப்பவே புரிஞ்சுபோச்சு தங்கச்சி. நல்லதா முடிஞ்சா சரி."

"என்னோடதோட சேந்து உங்க கிருமியும் அதுக்குள்ள குடியிருக்கு. உங்களுக்குக் காப்பானே கிடையாது. இத்தனை வருசமா ஊரை ஏமாத்தியிருக்கீங்க."

"யாரை ஏமாத்தினேன்? நான் விக்கிறவன். திங்கறவன் இல்ல. துணிக்கடைக்காரன் எல்லாச் சேலையவும் கட்டிக்கிட்டா திரியிறான்? எங்க ஆபீஸ்ல மேல இருக்குற ஒருத்தருங்கூடத் தொடமாட்டாங்க. எங்க கேன்டீன்ல கைக்குத்தல் அரிசியும் கீரையுந்தான். வேலைக்குச் சேர்ந்தன்னைக்கே சொல்லிருவாங்க."

"உங்க வீட்ல?"

"பொண்டாட்டி புள்ளைகளுக்கு நான் நல்லது நினைக்க மாட்டேனா?"

"நிவிதா புள்ள செத்தப்ப வந்து அழுதீங்களேய்யா."

"உண்மையாத்தான் அழுதேன்" என்றார் அவர். அதில் பொய் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இந்தா பாரு தங்கச்சி. இப்ப எல்லாருக்கும் நல்லதுதான் நடந்துருக்கு. எம் பேத்தியும்தான் அது. நீ சத்தம் போட்டா என்ன ஆகும்? காப்பான் இல்லாத புள்ளைன்னு வெளிய தெரியும். கம்பெனி டாக்டரு வந்து மருந்தக் குடுத்துக் குடலைக் கழுவிட்டு மறுபடி சொட்டுப் போடுவாரு. இப்பப் பொறக்குற புள்ளைகளுக்குச் சட்டமே அப்படித்தான் இருக்கு. நீ கோவக்காரி. புள்ளைக்காகவாவது ஒரு தடவ வாய மூடிக்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். சத்தியமாக மூடிக்கொண்டேன். அந்தப் பிஞ்சுக் குடலைக் கழுவுவதை நினைத்ததும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பிப் பார்த்தால் கொல்லைக் கதவை ஒட்டி நிவிதா நின்றுகொண்டிருந்தாள். தோளில் குழந்தை. முழுவதும் கேட்டிருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"நிவி" என்றேன்.

குழந்தையை என் கையில் கொடுத்தாள். சேலை முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. வரிசையின் முதல் இலையில் சாந்தலிங்கம். பக்கத்தில் அண்ணன், ரோஹித்பாண்டி, அப்புறம் இரண்டு பக்கத்து உறவினர்களும் வரிசையாக. தூள் வைக்கும் பையன்கள் கிண்ணத்தோடு கிளம்பியபோது நிவிதா முதல் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். பச்சை உடம்புக்காரி பந்தியில் நிற்கலாமா என்று மதினி பதறினாள். நிவிதா காதில் வாங்கவில்லை. நேராகச் சாந்தலிங்கத்தின் இலைக்குப் போய் ஓரத்தில் தூளை வைத்தாள். ஒரு சிட்டிகை இல்லை. ஒரு கரண்டி.

அவர் பணிவாகக் கையை இலைக்கு மேல் நீட்டினார். "எனக்கு இன்னைக்கு விரதம்மா. ஒரு பழம் மட்டும் போதும்."

"இன்னைக்கு ஒண்ணுமில்ல பெரிய மாமா. சஷ்டி இல்ல, கிருத்திகை இல்ல, பிரதோசம் இல்ல. நீங்க சாப்பிடணுங்கறதுக்காகவே காலண்டரைப் பாத்துத்தான் அப்பா நாள் குறிச்சாங்க."

"ஒரு வேண்டுதல் இருக்கும்மா."

"எம் புள்ளைக்குச் சேனை வச்சவங்க நீங்க. எங்கையால ஒரு வாய் சாப்பிடுங்க மாமா. ஒரே ஒரு வாய்."

பந்தியில் சிலர் சிரித்தார்கள். பெண் பாசமாக வற்புறுத்துகிறாள் என்று நினைத்தார்கள். "சாப்பிடுங்க அண்ணே, சின்னப்பொண்ணு ஆசையா கேக்குது" என்றார் அண்ணன். சாந்தலிங்கம் சோற்றைப் பார்த்தார், தூளைப் பார்த்தார். கை மடியிலேயே இருந்தது. அந்த ஒரு வாயால் அவருக்குப் பெரிதாக எதுவும் ஆகிவிடாது. அவருடைய குடல் கெட்டி. அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் விற்ற பொருள் எப்படிப்பட்டது என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நிவிதா நகரவில்லை.

"வெள்ளத்துல தூள் வராம ஊரே சுருண்டு கிடந்துச்சு" என்றாள். அவள் குரல் இவ்வளவு தூரம் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "அப்பா எந்திரிக்க முடியல. இவரு நாலுகால்ல தவழ்ந்துதான் கதவத் திறந்தாரு. நீங்க மட்டும் எப்படி மாமா பைக் எடுத்துக்கிட்டு வீடு வீடா வந்தீங்க?"

சிரிப்பு நின்றது. மற்ற இலைகளுக்குத் தூள் வைத்து முடித்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சாந்தலிங்கம் குனிந்து, மெல்லிய குரலில், "புள்ளைய நினைச்சுப் பாரும்மா" என்றார்.

"நினைச்சுத்தான் கேக்கறேன்." அவள் குரலைத் தணிக்கவில்லை. "வரச் சொல்லுங்க உங்க டாக்டரை. எம் புள்ள வயித்தைச் சோதிக்கட்டும். அத்தையோடது இருக்கும். உங்களோடதும் இருக்கும். தூளைத் தொடாத இன்னொரு குடல் யாரோடதுன்னு அவங்க எழுதித்தானே ஆகணும்? எழுதட்டும். எம் புள்ளைக்கு மருந்து குடுத்தா, முதல்ல உங்களுக்குக் குடுத்துட்டு வரட்டும்."

அவர் முகத்தில் முதன்முறையாக அந்தச் சிரிப்பு இல்லை. அது இல்லாத முகம் எப்படி இருக்கும் என்று யாரும் பார்த்ததில்லை. சாதாரணமாக, கொஞ்சம் வயதாகி, பயந்துபோய் இருந்தது. அண்ணன் அவரையே பார்த்தார். மதினி கையிலிருந்த சாம்பார் வாளியைத் தரையில் வைத்துவிட்டாள். ரோஹித்பாண்டி, "பெரியப்பா, சாப்பிடுங்க" என்றான். அதட்டலாக இல்லை. கெஞ்சலாகத்தான் சொன்னான். சாப்பிட்டுவிடமாட்டாரா என்று இருந்திருக்கும் அவனுக்கு.

அவர் சாப்பிடவில்லை.

யாராவது இலையைத் தூக்கி எறிவார்கள் என்று நான் நினைத்தேன். நானாக இருந்தால் எறிந்திருப்பேன். ஆனால் எனக்கு அது சுலபம். அவர்களால் முடியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரம், வயிற்றுக்குள் அது விழித்திருக்கும், அதற்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். அண்ணன்தான் முதலில் தூளைச் சோற்றில் போட்டுப் பிசைந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்காமல் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு, சாந்தலிங்கத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றார். பிறகு ரோஹித்பாண்டி. பிறகு அந்த வரிசை முழுவதும். எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டே தின்றார்கள்.

நிவிதா கிண்ணத்தோடு அவர் இலைக்கு முன்னாலேயே நின்றாள். என் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சாந்தலிங்கம் வாசலைப் பார்த்தார். எங்கள் பக்கம் பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. அவரும் அந்த மரியாதையில் வளர்ந்தவர்தான்.

அன்றைக்கு எங்கள் ஆட்கள் மிகவும் மெதுவாகச் சாப்பிட்டார்கள்.